மலையோட்டத்துக்குத் திரும்புதல்: காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிறகு எது முதலில், எது கடைசியில்

டெங்கு வந்து எழுந்த மூன்றாவது வாரம், ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைப் பக்கம் ஒரு கரட்டில், அதாவது சிறு பாறைக் குன்றில், ஓடப் போனேன். ஏற்றத்தில் பெரிதாக மூச்சு வாங்கவில்லை. அந்தத் தெம்பில் இறக்கத்தையும் ஓடியே இறங்கினேன். பாதி வழியில் உருட்டுக்கல் ஒன்றில் வலது கால் மடங்கி, வெளிப்பக்கக் கணுக்கால் ஜவ்வு கிழிந்தது. டெங்கில் போனது ஐந்து வாரம். அந்தக் கணுக்காலில் போனது எட்டு மாதம்.

அதற்குப் பிறகு எங்கள் ஓட்டக் குழுவில் நோயிலிருந்தும் காயத்திலிருந்தும் திரும்பிய பலரோடு கூடவே நடந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். மூச்சு முதலில் திரும்பிவிடுகிறது. தசை அதற்குப் பின்னால் வருகிறது. எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் மாதக்கணக்கில் பிந்தி வருகின்றன. மூச்சு நன்றாக இருக்கிறது என்று காலை நம்பினால் மாட்டிக்கொள்வோம். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

1. நோட்டு, ரத்தப் பரிசோதனை, காலியான காலண்டர்

ஒரு சின்ன நோட்டைத் தலைமாட்டில் வையுங்கள். காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணி எழுதுங்கள். டெங்குக்கு முன் எனக்கு 52 இருந்தது. எழுந்த பிறகு 68. பத்து நாள் எழுதினால் உங்கள் இப்போதைய சராசரி தெரிந்துவிடும். அதற்கு மேல் எட்டு பத்து கூடுதலாகத் துடிக்கும் நாளில் ஓட்டம் இல்லை.

காரணம் இதுதான்: படுக்கையில் கிடந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்திருக்கும். அதே வேலைக்கு இதயம் அதிகம் துடிக்க வேண்டும். நடமாடத் தொடங்கிய சில வாரங்களில் இது சரியாகிவிடும். மூச்சு முதலில் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் டி, டெங்கு அல்லது டைபாய்டு என்றால் ஈரல் பரிசோதனை, இவற்றை டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே இருந்தால் அது ரத்தசோகை. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஃபெரிட்டினைக் காய்ச்சலோடு எடுக்காதீர்கள். உடலில் அழற்சி இருக்கும்போது அது உயர்த்திக் காட்டும். இரும்புச்சத்து இல்லாதவருக்கும் இருப்பதுபோல் தெரியும். மூன்று நான்கு வாரம் கழித்து எடுப்பது நல்லது. ஈரல் பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் கடுமையாக உடற்பயிற்சி செய்யாதீர்கள். அந்தப் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி தசையிலிருந்தும் வரும் என்பதால் வீணாகப் பயந்துபோவீர்கள்.

காலண்டரில் பந்தயம் எதையும் குறிக்காதீர்கள். பணம் கட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கியவர்களில் பாதிப் பேர் அந்தத் தேதிக்காகவே பயிற்சியின் கட்டங்களைத் தாண்டிக் குதித்தார்கள்.

2. வந்தது என்ன என்று பெயர் தெரிய வேண்டும்

“ஏதோ வைரல் காய்ச்சலுங்க” என்று விட்டுவிடாதீர்கள். எந்த நோய் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும்.

டெங்கில் காய்ச்சல் விட்ட உடனே வரும் ஒன்றிரண்டு நாள்தான் மோசமான கட்டம். தட்டணுக்கள் ஏறிவிட்டாலும் சோர்வு வாரக்கணக்கில் நிற்கும். டைபாய்டு விட்டபின் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பவும் வரலாம். சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும். காலையில் கணுக்கால் விறைப்பு போகும் வரை ஓட்டத்தை நினைக்க வேண்டாம்.

எந்தக் காய்ச்சலுக்குப் பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, சிறு வேலைக்கே மூச்சிரைப்பு, தலைசுற்றி விழுதல் இருந்தால் இதய டாக்டரைப் பார்த்து இசிஜியும் எக்கோவும் எடுத்த பிறகே நடையைக்கூடத் தொடங்க வேண்டும். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால், ஓட்டம் உயிருக்கே ஆபத்து. அங்கே ஓய்வு மாதக் கணக்கு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாண்களைப் பலவீனமாக்கக் கூடியவை; முக்கியமாக அக்கிலிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் குதிகால் தசைநாணை. மருந்து முடிந்து சில மாதம் வரைகூட அந்த ஆபத்து இருக்கலாம். உங்கள் மருந்துச் சீட்டைப் பாருங்கள். இந்தப் பெயர் இருந்தால் டாக்டரிடம் சொல்லி, படி ஏற்றத்தையும் இறக்கத்தையும் தள்ளிவையுங்கள்.

கால் மடங்கியிருந்தால்: கணுக்கால் எலும்பின் நுனியிலோ பின் ஓரத்திலோ அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? எக்ஸ்ரே கட்டாயம். வீங்கிய காலில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிப்பது நம் பக்கம் பழக்கம். முதல் நாட்களில் அதைச் செய்யாதீர்கள். கிழிந்த ஜவ்வை இழுப்பதும் ரத்தக் கசிவைக் கூட்டுவதும்தான் மிச்சம்.

3. இரண்டு வாரம் நடை மட்டும்

டாக்டர் சரி என்ற பிறகு முதல் இரண்டு வாரம் நடை. 20 நிமிடத்தில் தொடங்கி 60 நிமிடம் வரை. இட்டேரிகள் இதற்கு அருமையான இடம்: இருபுறமும் கிளுவை வேலி, நடுவே செம்மண் தடம், கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைப் படிக்கும். கீழ்பவானி, காளிங்கராயன், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரைகளும் நல்லவை.

60 நிமிடம் நடந்த மறுநாள் காலையில் நாடி சராசரியிலேயே இருக்க வேண்டும். மதியம் படுக்கையைத் தேடக் கூடாது. தேடினால் இன்னும் ஒரு வாரம் நடை. இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் சலிப்பு வரும். “அண்ணா, மூச்சே வாங்கலீங்க, இன்னிக்கு இருபது கிலோமீட்டர் போயிடலாங்களா?” என்று ஒரு தம்பி நான்காம் நாளே கேட்டார். போனார். அடுத்த ஆறு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்.

“வெள்ளியங்கிரி ஒரு தடவ ஏறிப் பாத்தா தெரிஞ்சிரும்” என்பதும் அடிக்கடி கேட்பது. ஏழு மலை ஏறி இறங்குவதைப் பரிசோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே எச்சரிக்கிறது. நோயிலிருந்து இப்போதுதான் எழுந்தவருக்கும் அது பொருந்தும்.

4. ஓடுவதற்கு முன் ஒற்றைக் கால்

நடைப் பருவத்திலேயே இதைத் தொடங்குங்கள். காயம் காலில் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். படுத்துக் கிடந்த உடம்பில் முதலில் கரைவது கெண்டைக்காலும் தொடையும்தான்.

சமையலறை மேடைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நில்லுங்கள். ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடுங்கள். ஊன்றிய பாதம் எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள்: கட்டைவிரல் அடி தரையைப் பிடிக்கும், கணுக்கால் இடமும் வலமும் நடுங்கும், முட்டி லேசாக மடங்கிச் சரிசெய்யும். மடங்கிய காலில் நான் முதலில் நின்றபோது நான்கு விநாடியில் மேடையைப் பிடித்துவிட்டேன். நல்ல காலில் முப்பது விநாடி தாண்டியது. ஜவ்வு கிழியும்போது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் கெட்டுப்போகிறது. வலி போன பிறகும் கால் மீண்டும் மீண்டும் மடங்குவது அதனால்தான். தினமும் பல் தேய்க்கும் நேரத்தில் செய்யுங்கள். இரண்டு காலும் சமமாகும் வரை விடாதீர்கள்.

அடுத்தது வாசற்படி. விரல் பகுதி மட்டும் படியில், குதிகால் வெளியே. ஒற்றைக் காலில் மேலே எழும்பி, மூன்று எண்ணி மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். முட்டியை மடக்கி ஏமாற்றாமல் 25 முறை வர வேண்டும். இரட்டைக் காலில் 15-இல் தொடங்குங்கள். ஒற்றைக் காலுக்கு வர மூன்று நான்கு வாரமாகலாம்.

மூன்றாவது, சுவர். பெருவிரலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அதிகபட்ச தூரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு காலுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கணுக்கால் இன்னும் இறுகியிருக்கிறது. படி இறங்கும்போது அந்த இறுக்கம் முட்டிக்குப் போகும்.

முன்கால் எலும்பிலோ பாதத்திலோ, விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலி இருந்தால் இந்தப் பயிற்சிகளையும் நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். முதல் சில வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு, எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

5. சமதரையில் நடை-ஓட்டம்

இப்போது ஓடலாம். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஆறு முறை. வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு என்று மாற்றிக்கொண்டே போய், ஐந்தாறு வாரத்தில் தொடர்ந்து 30 நிமிடம் ஓடும் இடத்துக்கு வாருங்கள். கிலோமீட்டரை எண்ணாதீர்கள், நேரத்தை மட்டும் எண்ணுங்கள். கிலோமீட்டரை எண்ணினால் பழைய வேகம் நினைவுக்கு வந்துவிடும்.

ஒருநாள் விடுவது சோம்பலுக்காக அல்ல. அதிர்வு பட்ட எலும்பும் தசைநாணும் தங்களைப் புதுப்பித்துக்கொள்ள அந்த ஒருநாள் வேண்டும். தினமும் ஓடினால் புதுப்பிக்கும் முன்பே அடுத்த அடி விழுகிறது.

வலிக்கு ஒரு விதி. பத்துக்கு மூன்று வரை வலித்தால் ஓடலாம். ஆனால் மறுநாள் காலை முதல் அடி எடுத்து வைக்கும்போது அது ஓட்டத்துக்கு முன் இருந்த அளவுக்கே வந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் இந்த விதியே வேலை செய்யாது.

6. படியில் ஏறுங்கள், பஸ்ஸில் இறங்குங்கள்

இந்த ஒரு படிக்குக் கொங்கு நாட்டைப் போல வசதியான இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, திருச்செங்கோடு என்று எங்கு பார்த்தாலும் குன்றின் மேல் கோயில். படிக்கட்டும் இருக்கிறது, மலைச்சாலையும் இருக்கிறது. படியில் ஏறி, சாலையில் பஸ் பிடித்து இறங்குங்கள். பழனி என்றால் வின்ச்சில் (கம்பிவடம் இழுக்கும் மலை ரயில்) இறங்கலாம்.

ஏறும்போது தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இதயத்துக்கு நல்ல உழைப்பு, காலுக்கு அதிர்வு குறைவு. இறங்கும்போது அதே தொடைத்தசை, நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கி நிறுத்த வேண்டும். தசை நார்கள் கிழிவது அங்கேதான். ஆக, ஏற்றத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டால், காலைக் கெடுக்காமல் மலைக்கான மூச்சையும் பின்தொடையையும் வளர்க்கலாம்.

பழனியில் ஏறத்தாழ 690 படி. பக்கத்திலேயே சாய்வு குறைந்த யானைப்பாதையும் உண்டு. தொடங்க அது ஏற்றது. சென்னிமலையில் 1,320 படி. திருச்செங்கோட்டில் 1,200-க்கு மேல். முதல் இரண்டு வாரம் ஓடாதீர்கள். முழுப் பாதத்தையும் படியில் வைத்து, பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் நடங்கள். விரல் நுனியில் ஏறினால் எல்லாச் சுமையும் குதிகால் தசைநாணில் இறங்கும்.

விடிகாலையிலேயே போய்விடுங்கள், ஆனால் வனத்தை ஒட்டிய மருதமலை போன்ற இடங்களில் படி திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கிருத்திகை, தைப்பூசம், செவ்வாய்க்கிழமைகளில் வேண்டாம். முதியவர்களும் குழந்தையைத் தூக்கியவர்களும் ஏறும் படியில் நாம் மூச்சிரைக்க முந்துவது சரியல்ல. மேலே சட்டை நனைந்திருக்கும். மாற்றுச் சட்டை, பஸ்ஸுக்குச் சில்லறை, செருப்பு, மூன்றையும் பையில் வையுங்கள்.

வாரம் ஒருமுறையில் தொடங்கி, நான்காம் வாரம் வாரம் இருமுறை. ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை பஸ்ஸில் இறங்கி, மறுநாள் சாதாரணமாக வேலைக்குப் போக முடிந்தால் அடுத்த படிக்குத் தயார்.

7. இறக்கம்

திரும்பி வருபவர்கள் காயப்படுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால்தான் இதை இவ்வளவு தள்ளி வைத்தேன்.

முதல் இறக்கம் சிறியதாக இருக்கட்டும். முழுக் குன்றும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடக்கூடிய சாய்வான மண்பாதை போதும், மூன்று முறை. ஏறுவது நடை, இறங்குவது மெல்லோட்டம். அடுத்த ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடை கடுகடுவென்று வலிக்கும். பயப்படாதீர்கள். வலி முழுதும் போன பிறகு, ஏழெட்டு நாள் கழித்து அதே இறக்கத்தைத் திரும்பவும் செய்யுங்கள். இந்த முறை வலி பாதிகூட இருக்காது. தசை ஒரு இறக்கத்தை நினைவில் வைத்து, அடுத்த சில வாரத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்கிறது. சிறு சிறு தடுப்பூசி போல இதைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

அடி குட்டையாக, வேகமாக விழட்டும். பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும்; காலை முன்னால் நீட்டிப் பிரேக் போட்டால் முட்டிதான் வாங்கும். பார்வை காலடியில் இருக்கக் கூடாது; மூன்று நான்கு மீட்டர் முன்னால். கைகளைப் பக்கவாட்டில் விரித்து விடுங்கள். கரட்டில் சரளைக்கல் உருளும், காய்ந்த புல்லுக்கடியில் குழி தெரியாது. அங்கே ஓடுவதை இறக்கப் பயிற்சியின் கடைசி மாதத்துக்கு வையுங்கள். ஒரு முறை மடங்கிய கணுக்காலுக்கு அதுவரை பட்டையோ டேப்போ போடுவது நல்லது.

இறக்கத்துக்குப் பிறகு சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால், வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அப்போதே ஆஸ்பத்திரி.

8. வெயில், உப்பு, வயிறு

வெயில் பழக்கம் மூன்று நான்கு வாரம் படுத்தாலே போய்விடும். திரும்ப வர பத்துப் பதினான்கு நாள் ஆகும். மெதுவாக, குறைந்த நேரத்தில் தொடங்கிப் பழகுங்கள். ஆடிக் காற்றை நம்பாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் பல்லடம், தாராபுரம் பக்கம் ஓடினால் வேர்வை பட்டதும் காய்ந்துவிடும். வேர்க்கவே இல்லை என்று தோன்றும். சட்டையில் உப்புக்கோடு மட்டும் இருக்கும்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நீண்ட ஓட்டத்துக்கு அது மட்டும் போதாது. உப்பு சேர்க்க வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் கலக்குங்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்தில் போடவே போடாதீர்கள். நீர் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நோய்க்குப் பிறகு வயிறும் பழக்கம் இழந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி 60 வரை ஏற்றுங்கள். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம் என்பதால் ஓடும்போது அதைவிட வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரும் எனக்கு எளிதாகச் செரிக்கின்றன. ஓடி வந்த மதியம் அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் தயிரும். கொள்ளு நல்லது, முந்தைய இரவில் மட்டும் வேண்டாம்.

9. காட்டுக்குள் போகும் முன்

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபிறகு விதிகள் கடுமையாயின. அனுமதி இல்லாத பாதையில் ஓடாதீர்கள். டிரெக் தமிழ்நாடு தளத்தில் வனத்துறையே வழிகாட்டியோடு பாதைகளுக்கு முன்பதிவு தருகிறது. ஆனைகட்டி, வால்பாறைப் பக்கம் அதிகாலையும் அந்தியும் யானை நடக்கும் நேரம். காதில் இயர்போன் கூடாது. திரும்பி வரும் முதல் ஆறு மாதம் தனியாகப் போகவே வேண்டாம்.

புதரில் உட்கார்ந்து எழுந்து வந்தால் குளித்துத் துணியை மாற்றுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காட்டில் ஓடியதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து எளிது.

10. நீண்ட ஓட்டமும் முதல் பந்தயமும்

இறக்கம் பழகிய பிறகே நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டு மணி, இரண்டரை, மூன்று. மூன்று வாரம் கூட்டி நான்காம் வாரம் குறையுங்கள். ஏற்றம், இறக்கம், நேரம் ஆகிய மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டலாம். சனிக்கிழமை மூன்று மணியும் ஞாயிறு காலை இரண்டு மணியும் ஓடினால், ஒரே நாளில் ஐந்து மணி ஓடும் அதிர்வு இல்லாமல், களைத்த காலில் ஓடிப் பழகலாம். இரவு ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசி. தலைவிளக்கு வெளிச்சத்தில் கல்லின் உயரம் சரியாகத் தெரியாது.

முதல் பந்தயம் 50 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தொடங்கிய இடத்துக்கே சுற்றிச் சுற்றி வரும் பாதையாக இருந்தால், நிறுத்த நினைக்கும்போது நிறுத்தலாம். எந்த அறிகுறி வந்தால் நிற்பேன் என்பதை வீட்டிலேயே தாளில் எழுதி, கூட வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். என் தாளில் மூன்று வரி இருந்தது: கணுக்கால் ஒருமுறை மடங்கினால், இரண்டு முறை வாந்தி எடுத்தால், நெஞ்சில் எதுவும் தோன்றினால். நாற்பதாவது கிலோமீட்டரில் நாமே முடிவெடுக்கும் நிலையில் இருக்க மாட்டோம். தாளை வைத்திருப்பவர் எடுக்கட்டும்.

பந்தயம் முடிந்த மறுநாள் காலை நோட்டைத் திரும்ப எடுங்கள். நாடி பழைய சராசரிக்கு வந்து, ஒற்றைக்காலில் 25 முறை குதிகால் எழும்பும் வரை நடை மட்டும். அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுவது அதற்கப்புறம்.